சராசரி வேகத்தைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

ஞாயிறு விடியலில் காந்தி சிலையருகே கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்பும் புதுச்சேரி சைக்கிள்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டீக்கடைப் பேச்சில் கொஞ்ச நாளாகவே மலை அடிபடுகிறது. ஒருவர் ஊட்டி என்கிறார், இன்னொருவர் கொடைக்கானல் என்கிறார். இளவட்டங்களுக்கோ எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைதான் கண்ணில் நிற்கிறது. ஊர் எதுவானாலும் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரல்: சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டி அடிவாரம் வரை கொண்டுபோய், ஏறி, இறங்கி, மறுபடி காரில் ஊர் திரும்புவது. எனக்கு உடன்பாடில்லாதது இந்த இடம்தான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் வாசலில் புறப்பட்டு நம் வாசலுக்கே திரும்பும் மலைச்சுற்று ஒன்று இருக்கிறது. கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, மஞ்சவாடிக் கணவாய், திருவண்ணாமலை, செஞ்சி என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளை வளைத்து வரும் பாதை. ஐந்து நாள், சுமார் 540 கிலோமீட்டர். நீலகிரியில் 2008-இலிருந்து நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ போல உதவி வண்டியும் மெக்கானிக்கும் பின்னால் வரும் பயணம் அருமையானதுதான். அது வேறு ரகம். நமக்கு வேண்டியது, பையை நாமே கட்டி, பாதையை நாமே முடிவு செய்து போகிற ஒன்று.

கொல்லிமலை ஏன் இல்லை என்று இப்போதே கேட்பீர்கள். அங்கே போக நாமக்கல் பக்கம் தெற்கே இறங்கி மறுபடி வடக்கே வர வேண்டும். ஒரு நாள் கூடிவிடும். எழுபது வளைவு என்பது போட்டோவுக்கும் பனியனில் அச்சடிக்கவும் நன்றாக இருக்கும். முதல் சுற்றுக்கு வேண்டாம்.

பாதையைச் சொல்கிறேன். முதல் நாள் விழுப்புரம் சாலை. வில்லியனூர், கண்டமங்கலம், திருபுவனை, மதகடிப்பட்டு என்று போவதற்குள் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கிராமம் கிராமமாகப் பிய்த்துக்கொண்டதன் மிச்சம் அது. (பையில் மதுப் பாட்டில் எதுவும் வேண்டாம். சைக்கிள்தானே, சோதனைச்சாவடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்பவர் யாரென்று எனக்குத் தெரியும்.) விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச் சாலையைத் தவிர்த்துவிட்டுத் திருக்கோவிலூர் வழியாகக் கள்ளக்குறிச்சி. நான்குவழிச் சாலையில் நேரம் மிச்சமாகும். ஆனால் நாள் முழுக்க லாரி இரைச்சலைக் கேட்டுவிட்டு மறுநாள் மலை ஏறும் மனநிலை யாருக்கும் இருக்காது. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். பாரியின் மக்களுக்கு வழி செய்துவிட்டு, கபிலர் வடக்கிருந்து உயிர்விட்ட இடம் என்பார்கள். மொத்தம் 120 கிலோமீட்டர் வரும். எல்லாம் சமதளம். நமக்கு அது பெரிய காரியமில்லை.

பெரிய காரியம் இரண்டாம் நாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையருகே மலை தொடங்கும். அங்கிருந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. ஏறி முடித்ததும் சமதளம் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். கல்வராயன் மேலே போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமும் முடிவில்லாமல் வரும் பீடபூமி. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. கருமந்துறை வரை அந்த மேட்டுப் பள்ளங்கள்தான் காலை வாங்கும். ஒவ்வொரு மேடும் சின்னதாகத்தான் தெரியும். மதியத்துக்குள் எல்லாம் சேர்ந்து இன்னொரு மலை ஏறியது போலாகிவிடும். பிறகு தும்பல் பக்கம் இறங்கி வாழப்பாடி. தூரம் நூறுக்குச் சற்று முன்பின்தான். ஆனால் முதல் நாளைவிட இரண்டு மணி நேரமாவது கூடுதலாகப் பிடிக்கும்.

அறுவடைக் காலத்தில் அந்த மலைச் சாலைகளில் ஒரு சங்கதி உண்டு. கொள்ளு, கேழ்வரகு, சாமை என்று அறுத்த பயிரைத் தார்ச்சாலையிலேயே பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிச் சக்கரமே கதிரடித்துக் கொடுத்துவிடும். பஸ்சுக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளில் அதன் மேல் ஏறினால், காய்ந்த கொள்ளுக்கொடி செயினோடு உள்ளே போய்ப் பின் கியரின் சின்னச் சக்கரத்தில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். அதை உணராமல் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் கியரைத் தாங்கும் ஹேங்கர் முறிந்துவிடும். விரல் நீளமுள்ள அந்த அலுமினியத் துண்டு வெள்ளிமலையில் கிடைக்காது. கள்ளக்குறிச்சியிலும் கிடைப்பது சந்தேகம். உங்கள் பிரேமுக்குப் பொருந்துகிற ஹேங்கர் ஒன்றை இப்போதே வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். கதிர் பரப்பிய இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு, ஓரத்தில் நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். அது அவர்கள் களம்.

அவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது என்று இந்த மலைகள் எல்லாவற்றிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசுகிறவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். கல்வராயன் கிராமங்கள் நாடு விடுதலை பெற்ற பிறகும், 1976 வரை, ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தன; கூலியில்லா உழைப்பு அங்கே வழக்கமாக இருந்தது. நான்காம் நாள் நாம் கடக்கும் அரூர் வட்டத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்படியான ஊர்களுக்குள் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக முப்பது பேர் திடீரென்று நுழைந்து, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுத் திண்ணையைப் படம் எடுப்பதும், காட்டோரம் கூடாரம் போட்டு அடுப்பு மூட்டுவதும் கூடாது. தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். இதில் பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாம் நாள் வாழப்பாடியிலிருந்து சேலம் போய், அங்கிருந்து ஏற்காடு. வாழப்பாடி வட்டாரம் மரவள்ளிப் பூமி. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப்போகும் லாரிகள் வழியில் உதிர்த்துக்கொண்டே போகும். இருட்டோடு புறப்பட்டால் ரோட்டில் கிடக்கும் கிழங்கு தெரியாது, வெளிச்சம் வந்தபின் கிளம்புவோம். தூரம் அறுபதுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதில் கடைசி இருபது கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு: சேலத்திலிருந்து நேராக ஏறுவது ஒன்று, அயோத்தியாப்பட்டினம் பக்கம் குப்பனூரிலிருந்து ஏறுவது மற்றொன்று. குப்பனூர்ப் பாதையில் வண்டி குறைவு. ஆனால் குறுகல், சில இடங்களில் செங்குத்து. இந்த இரண்டில் எதில் ஏறி எதில் இறங்குவது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். வண்டிக்கூட்டம் குறைந்த வார நாளில் சேலம் பாதையில் ஏறி, மறுநாள் காலையில் குப்பனூரில் இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். குப்பனூரில் இறங்கினால் அரூர்ச் சாலையைப் பிடிப்பது சுலபம். சேலம் நகருக்குள் மறுபடி நுழைய வேண்டியதில்லை. கோடை விழாக் காலத்தில் வண்டிகளை ஒருவழியாக விடும்போதும் ஏறுவது சேலம் பக்கம், இறங்குவது குப்பனூர் பக்கம்தான்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுணுக்கம். நம் ஊரில் இடப்பக்கமாகப் போகிறோம். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு வந்தால் நாம் வெளி விளிம்பில் இருப்போம். அங்கே சரிவு குறைவு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவு வந்தால் உள் விளிம்பில் மாட்டிக்கொள்வோம். வளைவிலேயே செங்குத்தான இடம் அதுதான். வளைவு வருவதற்கு முன்பே, மிதி இலகுவாக இருக்கும்போதே, கியரைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபின் மாற்றினால் செயின் கடகடவென்று அலறும். சில நேரம் அறுந்தும் போகும். மேலிருந்து பஸ் வந்தால் அது முழு வளைவையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்று மலைச்சாலை விதி சொல்கிறது. விதி நம் பக்கம் இருப்பது வேறு, பஸ் நம் பக்கம் வருவது வேறு. ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

இனி, இந்த மடலை எழுதவைத்த விஷயம். நாமெல்லாம் கடற்கரைக்காரர்கள். 28 கிலோமீட்டர் சராசரி, 30 கிலோமீட்டர் சராசரி என்று ஞாயிறு மதியம் கைப்பேசியில் படம் அனுப்பிக்கொள்கிறவர்கள். சமதளத்தில் அந்த வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் முக்கால்வாசி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதனால்தான் குனிந்து ஓட்டினால் லாபம், முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் இன்னும் லாபம். மலையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். மணிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே எதிரி எடை ஒன்றுதான். யார் முதுகும் உதவாது.

ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பழகியவர்கள் ஒரு மணி நேரம் தொடர்ந்து 150 வாட் கொடுக்க முடியும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சரிவில் அந்த 150 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர், அவ்வளவுதான். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் உள்ள ரேஸ் வண்டியில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் 3.3 மீட்டர் உருளும். ஏழு கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 35 சுற்று. அப்படி மிதித்தால் இரண்டாவது வளைவிலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். முன்னால் 30, பின்னால் 34 என்றால் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று. நாள் முழுக்க மிதிக்கலாம். இந்த வித்தியாசத்தை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது, பல்சக்கரங்களை மாற்றினால்தான் உண்டு. பெரிய பல்சக்கரம் போட்டால் கிழவன் வண்டி என்று கேலி செய்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் முதலில் ஏற்காட்டு அடிவாரத்தில் பார்க்க விரும்புகிறேன்.

இந்தக் கேலி பழசு. பிரான்சில் செந்த்-எத்தியேன் ஊர்க்காரரான போல் தெ விவி என்பவர் நூறு வருடங்களுக்கு முன்பே மலைக்கென்று பல கியர் வண்டிகளை ஓட்டிக் காட்டினார். ஆனால் டூர் தெ பிரான்ஸ் போட்டியில் செயினை நகர்த்தி மாற்றும் கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. 1910-இல் அந்தப் போட்டி முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் பெருங்கணவாய்களுக்குள் நுழைந்தபோது, 326 கிலோமீட்டர் நீளமான ஒரே நாளில் துர்மலே உட்பட நாலு பெரிய கணவாய்கள். ஒக்தாவ் லாபிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வழியில் நின்ற அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டினார். அன்று கீழே இறங்காமல் துர்மலேயை ஏறியவர் குஸ்தாவ் கரிகு. அதற்காக அவருக்குத் தனிப் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு டூரை வென்றவர் தள்ளிக்கொண்டு நடந்த லாபிஸ்தான். இதை நம் குழுவில் உள்ள எல்லோரும், குறிப்பாகத் தம்பிமார்கள், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளுவது அவமானமில்லை. நடக்கிற வேகத்துக்கும் மிதிக்கிற வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத இடத்தில் இறங்கித் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம்.

ஏற்காடு ஏற இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு உடம்பு எரிப்பது ஏறக்குறைய ஆயிரம் கலோரி. இட்லிக் கணக்கில் இருபது. யாரும் இருபது இட்லி தின்றுவிட்டு மலை ஏற முடியாது. அதனால் ஏறிக்கொண்டே அரை மணிக்கு ஒருமுறை கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் என்று ஏதாவது வாயில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பசித்தபின் தின்னலாம் என்பது மலையில் பலிக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புக் கரைசல் தனியாக.

நான்காம் நாள்தான் நீளம், 150-ஐ ஒட்டி வரும். காலைக் குளிரில் குப்பனூர் இறக்கம். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே போகாதீர்கள். விளிம்பில் பிடிக்கும் பிரேக்கானால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நடுவில் இரண்டு தடவையாவது நின்று ஆறவிடுங்கள். பிறகு மஞ்சவாடிக் கணவாய், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், தீர்த்தமலை அடிவாரம், தானிப்பாடி, தண்டராம்பட்டு, திருவண்ணாமலை. முடியாதவர்கள் அரூரில் தங்கிவிட்டு ஆறாவது நாளும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஜவ்வாது மலையில் ஏறி, காவலூர் வான் ஆய்வகத்தையும் பார்த்துவிடலாமே என்றவருக்கு: அடுத்த வருடம்.

ஐந்தாம் நாள் செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. செஞ்சிக் கோட்டையை 1750-இல் பிடித்த பிரெஞ்சுத் தளபதியின் பெயரில்தான் நம் புஸ்ஸி வீதி இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். திண்டிவனத்துக்குப் பிறகு பிற்பகலில் கடல்காற்று முகத்தில் அடிக்கும். அதை நாம் நன்றாக அறிவோம்.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிச்சயமாக வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு நம் ஊரருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், இங்கே 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு உள்ளே போனது. போன வழியைப் பாருங்கள்: விழுப்புரம், திருவண்ணாமலை, அரூர், ஊத்தங்கரை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் போனார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வீதம் திறந்துவிட்ட தண்ணீர், தென்பெண்ணை வழியாக நம் பாகூர் வரை வந்து வீட்டுக்குள் புகுந்தது. நாம் போகப்போகிற சுற்றை ஏறக்குறைய அப்படியே அந்தப் புயல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆகவே பொங்கல் முடிந்து, பிப்ரவரி நடுப்பகுதிக்குள். வெயில் ஏறியிருக்காது, சாலை காய்ந்திருக்கும். பௌர்ணமியைத் தவிர்க்க வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையில் ஆளுக்கே அறை கிடைக்காது, சைக்கிளுக்கு எங்கே போவது.

பயிற்சிக்கு நம் ஊரில் மேடே இல்லை என்று புலம்ப வேண்டாம். ஆரோவில் போகும் செம்மண் மேடு இருக்கிறது, அரும்பார்த்தபுரம் மேம்பாலம் இருக்கிறது. பால்காரரும் மீன்காரரும் முறைக்கும் அளவுக்கு அதில் மேலும் கீழும் போய் வாருங்கள். அதைவிட நல்லது, பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு செஞ்சி வரை போய் வருவது. பாரத்தோடு வண்டி எப்படி ஆடும் என்பது தெரிந்துவிடும்.

சில்லறை விஷயங்கள். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கிராமத்துக் கடையில் கிடைப்பது சாதா சைக்கிள் டியூப்தான். நம் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்குள்ள பம்பு பொருந்தாது, அதற்கு ஐம்பது ரூபாய் பித்தளை அடாப்டர் போதும். ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் பசை, செயின் இணைப்பு. பெண்கள் தங்கும் அறையும் கழிப்பறை நிறுத்தங்களும் முன்கூட்டியே உறுதியான பிறகுதான் தேதி முடிவாகும். ஆண்கள் வசதிக்குத் தேதி வைத்துவிட்டுப் பெண்களை வரச்சொல்வது இந்த முறை இல்லை. யாருக்காவது முடியாமல் போனால் வீரம் காட்ட வேண்டாம்: வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இருக்கிறது, சேலத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ரயிலில் விழுப்புரம் வந்துவிடலாம். குழுவின் வேகத்தை முடிவு செய்பவர் கடைசியில் வருபவர். மணிக்கொரு தடவை எல்லோரும் ஓரிடத்தில் சேர வேண்டும். முதலில் வந்தவர் கடைசி ஆள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை கிளம்பக் கூடாது.

வருகிறவர்கள் அடுத்த ஞாயிற்றுக்குள் பெயரைக் கொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் சராசரி வேகத்தை எழுத வேண்டாம். முன்னாலிருக்கும் சின்னப் பல்சக்கரத்திலும் பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்று உட்கார்ந்து எண்ணி, அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள். முன்னது பின்னதைவிடப் பெரிதாக இருந்தால், தேதிக்கு முன்பாக நான் உங்கள் வீட்டுக்கு வந்து பேசுவேன்.

அன்புடன்,
காந்தி சிலையிலிருந்து எப்போதும் கடைசியில் கிளம்புகிறவன்